ஒற்றைத் திகதியில் சண்டை

என் சம்பந்தியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இடையில் எங்கேயாவது அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி வந்துவிட்டால், அது கை தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் தாய்வான்காரர். என் ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டினாள். மருமகனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மனைவியின் நண்டுக் கறியை மூக்கால் தண்ணீர் வடிய வடியச் சாப்பிடுவான், உறைப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தகப்பன்தான் வில்லங்கம். எழுபது வயது, மனைவியை இழந்தவர். வருடத்துக்கு ஒரு தடவை மூன்று மாதம் வந்து பிளாக்டவுனில் மகன் வீட்டில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அந்த மூன்று மாதமும் எனக்குப் பிரஷர் குளிசை வேலை செய்வதில்லை.

ஆளுக்குச் சத்தம் போடத் தெரியாது. அதுதான் முதல் எரிச்சல். நான் மேசையில் அடித்துப் பேசுவேன். அவர் அப்பிள் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவிக்கொண்டிருப்பார். சீவிய துண்டை என் பேரனிடம் நீட்டுவார். நான் கொடுத்தால் துப்புகிற மூன்று வயதுப் பேரன் அவர் கொடுத்தால் வாயைத் திறப்பான்.

நாங்கள் இரண்டு பேரும் தீவுக்காரர். அதுதான் வினை. வேறு எங்கேயாவது பிறந்திருந்தால் வீட்டு விலையையும் மழையையும் பேசிவிட்டுப் பிரிந்திருப்போம். சிட்னியில் உள்ள யாழ்ப்பாணத்து ஆண்களில் பாதிப் பேர் அரசியல் ஆய்வாளர், மீதிப் பேர் அவர்களைத் திருத்துகிறவர்கள். நான் இரண்டும் செய்வேன். அப்படிப்பட்டவனுக்கு எதிரில் இந்த மனுசனைக் கொண்டுவந்து இருத்தினார்கள். பேசுவது ஆங்கிலம், அவருடையதும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை. தமிழில் எழுதும்போது இரண்டும் செப்பமாகத் தெரியும், ஏமாற வேண்டாம்.

முதல் வருடம் அவர் தன் நாட்டுக் கதையைச் சொன்னார். ஐம்பது வருடம் ஜப்பான்காரன் ஆண்டான். உலகப் போரில் அவன் தோற்க, பெருநிலத்துச் சீன அரசாங்கம் வந்து தீவைப் பொறுப்பெடுத்தது. கொஞ்சக் காலத்தில் அந்த அரசாங்கமே உள்நாட்டுச் சண்டையில் தோற்று, படையும் பெட்டியுமாகத் தீவில் வந்து இறங்கி, முழுச் சீனாவுக்கும் தாங்கள்தான் அரசு என்று சொல்லிக்கொண்டு இருந்தது. முப்பத்தெட்டு வருடம் இராணுவச் சட்டம். வாய் திறந்தவர்களைக் கொண்டுபோனார்கள். எண்பத்தேழாம் ஆண்டு ஆடி மாதம் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். பிறகு மெல்ல மெல்ல வாக்குப் பெட்டி வந்தது. இப்போது ஜனாதிபதியைத் தாங்களே தெரிவு செய்கிறார்கள். காசு, பாஸ்போர்ட், படை எல்லாம் சொந்தம். ஆனால் உலகத்தில் ஒரு டசின் நாடுகள்தான் அதை நாடு என்று ஒத்துக்கொள்கின்றன. அவுஸ்திரேலியா ஒத்துக்கொள்வதில்லை. சிட்னி நகரத்துக்குள் அவர்களுக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. தூதரகம் செய்கிற வேலையெல்லாம் செய்யும். தூதரகம் என்று பலகை போட முடியாது.

எண்பத்தேழு ஆடி என்றதும் நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அதே மாதம்தான் எங்கள் ஊருக்கு வெளியிலிருந்து படை வந்தது. எங்களைப் பற்றி இரண்டு அரசாங்கங்கள் எங்களைக் கேளாமலே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வைத்தன. எங்களைக் காப்பாற்றப் படை வருகிறது என்றார்கள். எனக்கு இருபத்துநாலு வயது. காங்கேசன்துறை வீதியில் நின்று ஒரு சிப்பாய்க்கு மாலை போட்டேன். மூன்று மாதம் முடியமுன் அதே படையின் ஷெல் எங்கள் கிணற்றடியில் விழுந்தது.

இதைச் சொல்லிவிட்டு, "நீங்கள் நம்பியிருக்கிற அமெரிக்காவும் உங்களுக்கு இதைத்தான் செய்யும்," என்றேன்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. அமெரிக்கா ஏற்கனவே செய்துவிட்டது என்றார். எழுபத்தொன்பதில் பெய்ஜிங்கை அங்கீகரித்து, இவர்கள் ஊரில் இருந்த தூதரகத்தை மூடியது. கூடவே தன் நாட்டில் ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டது: இவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஆயுதம் கொடுக்கலாம். சண்டை வந்தால் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"சொல்லாத வாக்கை நம்பியா இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்ன வாக்கை நம்பித்தானே இருந்தீர்கள்," என்றார்.

அன்று நான் சாப்பாட்டை முடிக்கவில்லை. அவர் போன பிறகு அவர் இருந்த கதிரையை வெளியில் தூக்கி வைத்தேன். மனைவி அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தாள்.

இரண்டாம் வருடம் அவருடைய கட்டாய இராணுவச் சேவையின் கதை வந்தது. சீனக் கரைக்கு எதிரே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அவர்களுக்கு ஒரு குட்டித் தீவு உண்டு. எழுபதுகளில் அங்கே நிலத்துக்குக் கீழே சுரங்கத்தில் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். எதிர்க்கரையிலிருந்து ஒற்றைத் திகதிகளில் ஷெல் வரும். இரட்டைத் திகதிகளில் வராது. ஷெல்லுக்குள் பெரும்பாலும் துண்டுப்பிரசுரம். "இரட்டை நாளில் உடுப்புத் தோய்த்துக் காயப்போடுவோம்," என்றார். அமெரிக்கா பெய்ஜிங் பக்கம் போன அதே நாளில்தான் அந்த ஷெல்லடியும் நின்றதாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எங்களுக்கு வந்த ஷெல் கலண்டர் பார்த்து வரவில்லை, உள்ளே கடதாசியும் இருக்கவில்லை என்று கத்தினேன். "உதெல்லாம் ஒரு யுத்தமே?" என்று தமிழிலேயே கேட்டேன். பேரன் அழத் தொடங்கினான். மகள் எழுந்து போய், குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி வந்து மேசையில் வைத்தாள்.

"அப்பா, இனி நீங்கள் ரெண்டு பேரும் ஒற்றைத் திகதியில மட்டும் சண்டை பிடியுங்கோ. இரட்டைத் திகதியில அரசியல் கதைச்சா நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வீட்ட போயிடுவன்."

பகிடியாகத்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டபடியால் நானும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஞாயிறு இரட்டைத் திகதியில் வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்போம். ஒற்றைத் திகதி என்றால் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அவர், "இன்று பதின்மூன்று," என்பார். அது அவருடைய வணக்கம்.

ஒற்றைத் திகதிகளில் உலகத்தையே பிரித்து மேய்ந்தோம். உலகத்துக்கே தங்கள் கணினிச் சில்லுகள் வேண்டும், அதனால் யாரும் தங்களை எளிதில் விட்டுவிட முடியாது என்பார். எங்கள் திருகோணமலைத் துறைமுகமும் எல்லோருக்கும் வேண்டியதுதான், அதனால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்பேன். நீங்கள் குடிவந்த நாடே நீர்மூழ்கிக் கப்பலுக்கு அமெரிக்காவிடம் வரிசையில் நிற்கிறது, அதற்கு நீங்கள் வரி கட்டுகிறீர்கள் என்பார். பதில் இல்லாத இடத்தில் குரலை உயர்த்துவது என் வழக்கம்.

சென்ற வருடம் வந்தது வேறு.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாயும் வியாழனும் பேரனைச் சைல்ட்கெயாரிலிருந்து கூட்டி வருவது என் வேலை. ஓய்வு எடுத்தபின் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அது. வாசலில் ஒரு திரை இருக்கும். என் இலக்கத்தை அடித்தால் என் பெயர் வரும், அதன் கீழே பேரனின் பெயர் வரும். பெற்றோர் எழுதிக் கொடுத்த பெயர்களுக்கு மட்டும்தான் கதவைத் திறப்பார்கள். நல்ல ஒழுங்கு என்று நானே நாலு பேரிடம் பாராட்டிச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிறு இருபதாம் திகதி. சாப்பிட்டு முடிந்ததும் மருமகன், "மாமா," என்று தமிழில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மீதியை ஆங்கிலத்தில் சொன்னான். தாய்வானில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதிவு உண்டு. வீட்டில் யார் யார், எப்போது பிறந்தார்கள், எப்போது இல்லாமல் போனார்கள், எல்லாம் அரசாங்கப் பதிவில் இருக்கும். பேரனின் பெயரைத் தன் வீட்டுப் பதிவில் சேர்க்க வேண்டும் என்று அவன் தகப்பன் ஆசைப்படுகிறார். பிறப்புப் பத்திரத்தை மொழிபெயர்த்து, நகரத்தில் உள்ள அந்த அலுவலகத்தில் அத்தாட்சி எடுத்தால், மார்கழி விடுமுறைக்குப் போகும்போது பதிந்துவிடலாம்.

"பதிந்தால் ஆமிக்குக் கூப்பிடுவார்களோ?" என்று கேட்டேன்.

மருமகன் பொய் சொல்ல மாட்டான். வளர்ந்து பத்தொன்பது வயதளவில் அங்கே போய் வசித்தால் கூப்பிடலாம், ஒரு வருடச் சேவை. இங்கேயே இருந்தால் பிரச்சினை இல்லை. அது அவன் எடுக்க வேண்டிய முடிவு என்றான்.

"வேண்டாம்," என்றேன். "என்ர பேரனை ஒருத்தரும் ஒரு புத்தகத்திலயும் பதியத் தேவையில்லை."

"அப்பா, இண்டைக்கு இருபது," என்றாள் மகள். சம்பந்தி சட்டத்தை மீறாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தார். நான் கலண்டரைத் தூக்கிக் குசினிக்குள் எறிந்தேன்.

பதிவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தொண்ணூற்றாறில், யாழ்ப்பாணத்தை ஆமி பிடித்த பிறகு, வீடு வீடாக வந்து பதிந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த சிப்பாய்க்குத் தமிழ் எழுதத் தெரியாது. படிவத்தை என்னிடம் நீட்டி, நீயே எழுது என்றான். ஒன்று, நான். இரண்டு, மனைவி. மூன்று, என் தம்பி, வயது இருபத்திரண்டு. நாலு, மகள், வயது மூன்று. பக்கத்து வீட்டுக்காரர் தன் பெடியனை எழுதாமல் விட்டார். நான் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். படிவம் என்று ஒன்றைக் கண்டால் ஒரு கட்டமும் வெறுமையாக விடாத கை என்னுடையது. வடிவான எழுத்தில் தம்பியின் பிறந்த திகதியையும் எழுதிக் கொடுத்தேன். பிரதியைக் கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன். இரண்டு கிழமையால் ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு. பட்டியலைப் பார்த்து மூன்றாம் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். தம்பி சேட்டின் கைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். அதற்குப் பிறகு நாங்கள் அவனைக் காணவில்லை.

தம்பியைக் கொண்டுபோனது மகளுக்குத் தெரியும். பட்டியலை எழுதியது யார் என்று தெரியாது. மனைவிக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அவள் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திருப்பிச் சண்டையாவது பிடித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை நான் மகளின் வீட்டுக்கு வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் முந்திப் போனேன். அவர்கள் வீட்டுப் பூட்டின் திறப்பு ஒன்று என்னிடம் இருந்தது. அந்த நேரம் சம்பந்தி நடக்கப் போவார் என்பது தெரியும். மகள் பத்திரங்களை ஒரு நீலக் கோப்பில் வைத்திருப்பாள். பேரனின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு, பேரனைக் கூட்டிவந்து, ஒன்றும் நடக்காதது போல அவனுக்குப் பிஸ்கட் கொடுத்தேன். களவு என்று எனக்குத் தோன்றவில்லை. பேரனை ஒரு ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டது போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பத்திரத்தை ஷொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அரிசி வாளிக்குள் தாட்டேன். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் எங்கள் வீட்டில் காணி உறுதியிலிருந்து கலியாணப் பதிவு வரை எல்லாமே அரிசிக்குள்தான் இருந்தன. எதை விட்டு ஓடினாலும் அரிசியை விட்டு ஓட மாட்டோம். அவ்வளவு யோசித்தவன், அரிசியை அளந்து எடுப்பது யார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை மனைவி பையைக் கையில் பிடித்தபடி முன்னறைக்கு வந்தாள்.

"பேரப்பிள்ளையின்ர பேர்த் சேர்டிபிக்கற் அரிசிக்குள்ள கிடக்கு. உங்களுக்கு விசரே?"

"அங்கயே கிடக்கட்டும்."

"அவை ரெண்டு நாளா வீட்டைக் கிண்டித் தேடுகினம். பிள்ளை அழுகிறாள்."

"தேடட்டும். எடுத்த இடத்தில திரும்ப வை."

அவள் வைக்கவில்லை. மகளுக்குப் போன் எடுத்தாள்.

மகள் வேலையிலிருந்து நேரே வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"என்ர வீட்டுக்குள்ள வந்து களவெடுத்தனீங்கள்."

"காப்பாத்தினனான்."

"ஆரிட்ட இருந்து?"

"உன்ர சித்தப்பாவையும் இப்பிடிப் பதிஞ்சுதான் கொண்டு போனவங்கள்," என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. யார் பதிந்தது என்பது வரவில்லை. மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மனுசன்ர அப்பாவையும் கொண்டு போனவங்கள், தெரியுமே உங்களுக்கு? இவருக்கு அப்ப ஆறு வயசு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவையின்ர சொந்தக் கவுண்மென்ற்தான் கொண்டு போனது. பிறகு அந்தப் பதிவில அவற்ற பேருக்கு மேல கோடு கீறி விட்டவங்கள். ஆள் செத்ததையே அந்தக் கோட்டைப் பாத்துத்தான் வீட்டில தெரிஞ்சுகொண்டவை. அந்தக் கோட்டுக்குக் கீழ இன்னொரு பேரைப் பாக்கோணும் எண்டு ஆசைப்படுறார். அவ்வளவுதான் அவர் கேட்டது."

எனக்கு அது தெரியாது. மூன்று வருடமாக மேசையில் அடித்தவன், உங்கள் தகப்பன் என்ன செய்தவர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தெரிந்ததும் மனம் இளகியது என்று எழுதினால் பொய். தகப்பனைக் கொன்ற அரசின் சீருடையைப் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் சுரங்கத்தில் இருந்த மனுசன், இப்போது அதே பதிவில் என் பேரனையும் ஏற்றக் கேட்கிறாரே என்று இன்னும் கோபம்தான் வந்தது. அதை மகளிடம் சொல்லியும் விட்டேன்.

அவள் பத்திரத்தில் ஒட்டியிருந்த இரண்டு அரிசியைத் தட்டிவிட்டாள். "இது கிடைக்காட்டியும் ஒண்டுமில்லை. நேற்றே ஒன்லைன்ல புதுசுக்கு அப்ளை பண்ணிட்டன். திறப்பைத் தாங்கோ."

கொடுத்தேன். வாசலில் நின்று, "இனிப் பிள்ளையைக் கூட்டிற அலுவலை நாங்கள் பாக்கிறம்," என்றாள். கோபத்தில் சொல்கிறாள், செவ்வாய்க்கிழமைக்குள் ஆறிவிடும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஞாயிறு அவர்கள் சாப்பிட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போலச் சைல்ட்கெயாருக்குப் போய் என் இலக்கத்தை அடித்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. திரும்ப அடித்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, ஒவ்வொரு கிழமையும் என்னோடு இரண்டு வார்த்தை பேசுகிறவள்.

"உங்க பேரு லிஸ்ட்ல இல்ல அங்கிள். வெள்ளிக்கிழமை பேரண்ட்ஸ் மாத்திட்டாங்க."

"நான் அவனின்ர அம்மப்பா. உமக்கு என்னைத் தெரியும்தானே?"

"தெரியும் அங்கிள். ஆனா லிஸ்ட்ல இல்லையே, நான் அனுப்ப முடியாது," என்றாள். அவளுக்கே முகம் சிறுத்துவிட்டது.

பேரன் என்னைக் கண்டுவிட்டான். தொப்பியைப் போட்டு, பையை இழுத்துக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்ட வந்து நின்றான். நான் இந்தப் பக்கம் நின்றேன். அவமானம் என்றால் இதுதான் என்று நினைத்தேன். மகளைத் திட்டினேன், மனைவியைத் திட்டினேன், அரிசி வாளியையும் திட்டினேன். அப்போது என் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். சம்பந்தி.

அவர் என்னைச் சுற்றிக் கையை நீட்டி இலக்கத்தை அடித்தார். அவர் பெயர் வந்தது. அதன் கீழே பேரனின் பெயர் வந்தது. கதவு திறந்தது.

வெளியில் வந்ததும் நாங்கள் மூன்று பேரும் நடைபாதையில் நின்றோம். அவருக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஐந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அன்று இருபத்தொன்பது, சட்டப்படி எனக்கு உரிமையும் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"இன்று இரட்டை நாள்," என்றார் அவர்.

இரண்டு வருடம் திகதி பார்த்துச் சுரங்கத்துக்குள் பதுங்கிய மனுசனுக்குத் திகதி பிழைக்காது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பையை என்னிடம் நீட்டினார்.

"ஓம், இரட்டை," என்றேன்.

காரை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். பையைத் தூக்க என் பெயர் எங்கும் இருக்கத் தேவையில்லை. தெருமுனை வந்தபோது அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னேன்: என் தம்பியையும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் கொண்டுபோனார்கள், அந்தப் பட்டியலை எழுதியது நான். மகளுக்குச் சொல்லாததை, எனக்குப் பிடிக்காத மனுசனுக்கு, ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் நின்றார். திரும்பி, "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் அதைச் சொல்லிப் பார்த்தார், பிழையாக வந்தது. நான் திருத்தினேன். திரும்பவும் பிழையாகச் சொன்னார். திரும்பவும் திருத்தினேன். மகன் வீட்டு வாசல் வரும்வரைக்கும் அந்த மனுசன் விடாமல் என் தம்பியின் பெயரைப் பிழை பிழையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.